மூடிக்குள் எண்ணும் மருவும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கையில் அரம் பிடித்த அளவுக்குப் பேனா பிடித்ததில்லை. எழுத்துகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருக்கும். இதைத் தட்டச்சு செய்யப்போகிற மெர்சி பிழைகளைத் திருத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கும் புரியாத இடம் இருந்தால் போனில் கேட்கட்டும். நேரில் கேட்டால் எனக்கு வாய் வராது.

மெர்சி என் முதலாளியின் மகள். இராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த ஆர்மோனியக் கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். முதலாளியின் பெயர் ஆசீர்வாதம். நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. நானும் வேலையை விட்டு நின்றுவிட்டேன். நிற்கிற வயது இல்லை. ஆனால் பெட்டிக்குள் காற்றில் அதிர்கிற பித்தளை ரீடுகளில் மேல் ஸ்தாயி ரீடுகளின் சத்தம் என் காதுக்கு எட்டாமல் போய்விட்டது. காதில் விழாத ரீடில் அரம் வைக்கக் கூடாது. அதனால் நானாகவே நின்றுகொண்டேன்.

சில நாட்களுக்கு முன் மெர்சி போன் செய்தாள்.

"அண்ணே, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ஒரு ஆர்மோனியப் பெட்டி வந்திருக்கு. எலி துருத்தியைக் கடிச்சு வச்சிருக்கு. அது சின்ன வேலைதான். ஆனா உள்ள ரெண்டு வரிசை ரீடும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுது. யாரோ கெடுத்து வச்சிருக்காங்க. ரெண்டையும் ஒண்ணா ஆக்கிரட்டுமா?"

"தொடாதம்மா" என்றேன்.

"மூடிக்குள்ள ரெண்டு வரி எழுதியிருக்கு. அப்பா எழுத்து மாதிரி தெரியல."

"என் எழுத்துதான்."

"அப்ப நீங்களே அதை எழுதிக் குடுங்க. வாயால சொல்லச் சொன்னா ரெண்டு வார்த்தையில முடிச்சிருவீங்க. கடையில எங்க ஒருத்தருக்கும் இந்த மரு விஷயம் முழுசாப் புரியல."

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆர்மோனியக் கடைக்கு வருவதற்கு முன் நான் நூற்பு மில்லில் இருந்தேன். ஸ்பிண்டில்கள் சுற்றுகிற சத்தத்தில் எது இழுக்கிறது, எது எண்ணெய் கேட்கிறது என்று பார்க்காமலே சொல்வேன். பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஆகாமல் போனது. மில்லை விட்டேன். மில் வாசலுக்கு எதிரே இருந்த சபையில் ஆர்மோனியம் பழுது பார்க்க வந்த அண்ணாச்சி, யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். முதல் வருடம் முழுக்கத் தோல் வெட்டி ஒட்டினேன். அடுத்த வருடம் துருத்தி. அதற்குப் பிறகுதான் ரீடு. பழகிய காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

எங்கள் ஊரில் ஆர்மோனியத்துக்கு முதல் எதிரி பஞ்சு. வீட்டுக்கு வீடு, காற்றில் பறக்கிற நூல் துணுக்கு பெட்டிக்குள் போய் ரீடின் நாக்குக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவே உட்கார்ந்துகொள்ளும். பித்தளை நாக்கு ஆடாது. சத்தம் வராது. வெளியூர்க் கடைக்காரர்கள் ரீடு செத்துவிட்டது என்று சொல்லி மாற்றிவிடுவார்கள். அண்ணாச்சி மெல்லிய தாளைச் சொருகி இழுப்பார். பஞ்சு வந்துவிடும். துடைப்பதற்கு பேண்டேஜ் கம்பெனிகளில் கழித்துப் போடுகிற காஸ் துணி. அதை வைத்துத் துடைத்தால் துணுக்கு ஒட்டாது.

அண்ணாச்சி வேலை செய்யும்போது பேச மாட்டார். நான் சரி செய்து கொடுக்கிற ரீடைத் தன் வாயில் வைத்து ஊதுவார். சரியாக இருந்தால் பெட்டியில் வைப்பார். தப்பாக இருந்தால் காஸ் துணியில் துடைத்து என் பக்கம் திருப்பி வைப்பார். தப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எவ்வளவு தப்பு என்றும் சொல்ல மாட்டார். எனக்கும் கேட்க வாய் வராது. இப்படியே இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்க ஒரே ரீடை அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டிருந்ததும் உண்டு. சாப்பாடு கொண்டுவந்த மெர்சியின் அம்மா பார்த்துவிட்டு, "ரெண்டு ஊமையும் என்ன வெளையாட்டு வெளையாடுதிய?" என்று கேட்டார்.

ரீடு வேலை இப்படி. நாக்கின் நுனியில் சுரண்டினால் சத்தம் ஏறும். அடியில் சுரண்டினால் இறங்கும். சுரண்டும்போது பித்தளை சூடாகும். சூட்டில் சத்தம் சற்றுத் தாழ்ந்து கேட்கும். ஆறிய பிறகு ஊதினால்தான் உண்மை தெரியும். போக வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். எடுத்த பித்தளையைத் திரும்ப வைக்க முடியாது. ஒரு ரீடைத் திரும்பத் திரும்பச் சுரண்டினால் காகிதம் போல ஆகி, ஒரு நாள் பாட்டுக்கு நடுவே ஒடிந்துபோகும். இரண்டு ரீடைச் சேர்த்து ஊதினால் சத்தத்தில் ஓர் அலை கேட்கும். இடம் நெருங்க நெருங்க அலை மெதுவாகும். இடம் வந்ததும் அலை நின்று, சத்தம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அந்த அலையை எண்ணுவதுதான் எங்கள் வேலை. போனில் சுருதி காட்டுகிற வசதி வந்த பிறகு, சரியான இடத்தில் எரிகிற அதன் பச்சை விளக்கைப் பார்த்தும் செய்யலாம். அதுவும் நல்ல வழிதான். ஆனால் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று நாம்தான் போனுக்குச் சொல்ல வேண்டும்.

இனி மரு.

பெட்டியில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள். கீபோர்டில் அந்தப் பன்னிரண்டும் சமமான இடைவெளியில் நிற்கும். போனில் பச்சை எரிவதும் அந்தச் சமக் கோட்டில்தான். பாடுகிறவர் குரல் அங்கே நிற்பதில்லை. ஸ, ப இரண்டையும் விட்டுவிடுங்கள். மற்ற ஒவ்வொரு சுரத்துக்கும் குரல் போய் உட்காருகிற இடம் இரண்டு உண்டு. ஒன்று சமக் கோட்டுக்கு நெருக்கமாக இருக்கும். இன்னொன்று கோட்டுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி இருக்கும். ஒரு ரீடு ஒரே இடத்தில்தான் நிற்க முடியும். எது வேண்டும் என்பது பாடுகிறவரைப் பொறுத்தது.

அண்ணாச்சி இதை மூடிக்குள் பென்சிலால் எழுதி வைப்பார். முதலில் ஓர் எண். ஸ எந்தக் கட்டையில் என்பது அது. ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று பாட்டுக்காரர்கள் சொல்கிற அதே கணக்கு. நெருக்கமான இடத்தில் நிற்கிற சுரங்களை எழுதவே மாட்டார். தள்ளின இடத்துக்குப் போகிற சுரத்தை மட்டும் எழுதி, அதன் வலது பக்கம் ஒரு புள்ளி வைப்பார். எழுத்தின் தலையில் வைத்தால் மெய்யெழுத்து ஆகிவிடும் அல்லவா, அதனால் பக்கவாட்டில். எழுத்தின் கன்னத்தில் ஒட்டியிருப்பதால் கடையில் அதற்கு மரு என்று பெயர். ஒரே சுரத்தின் தாழ்ந்த கட்டையைச் சின்ன சுரம், உயர்ந்த கட்டையைப் பெரிய சுரம் என்போம். சின்ன சுரமானால் எழுத்தைச் சின்னதாகவும் பெரிய சுரமானால் பெரியதாகவும் எழுதுவார். சின்ன சுரத்துக்கு மரு விழுந்தால் ரீடு ஏறும். பெரிய சுரத்துக்கு மரு விழுந்தால் இறங்கும். இரண்டு மரு என்றால் அந்த இரண்டு இடமும் வேண்டாம், இரண்டுக்கும் வெளியே இருக்கிற மூன்றாவது இடம் என்று அர்த்தம்; சின்ன நிக்கு அது இரண்டுக்கும் கீழே இருக்கும். அது நாடகக்காரர்களிடம் மட்டும் எப்போதாவது வரும். அவ்வளவுதான். ஒரு பெட்டியின் முழு விவரமும் கட்டை விரல் அகலத்தில் அடங்கிவிடும். அதை வேறெங்கும் எழுதி வைக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. "பெட்டி விஷயம் பெட்டியோட போகட்டும்" என்பார்.

ஒருமுறை பேண்டேஜ் கம்பெனி முதலாளி ஒருவர் பஜனைக்கென்று புதுப் பெட்டி வாங்க வந்தார். மரு என்று ஒன்று இருப்பதை எங்கோ கேட்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, நமக்கு என்ன குறைச்சல்? எல்லாச் சுரத்துக்கும் போட்டுருங்க" என்றார்.

அண்ணாச்சி பெட்டியைத் திறந்து ஸவைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வரி பாடுங்க முதலாளி" என்றார்.

"நானா? நான் தாளம் மட்டுந்தான். அதுவும் பாதியில விட்டுருவேன்."

"மரு அழகுக்கு வைக்கிறது இல்ல. பாடுதவர் யாரோ அவரைக் கூட்டிட்டு வாங்க. அவர் தொண்டையில எங்க இருக்கோ அங்க வைப்போம்."

"சரி, வந்த வழியாப் போறேன்" என்று சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் பாடுகிற பையனைக் கூட்டி வந்தார். ஒரே ஒரு மருதான் விழுந்தது.

அரத்தை எடுப்பதற்கு முன் ஸ எங்கே என்று கேட்க வேண்டும் என்பது அண்ணாச்சி என்னிடம் வாய் திறந்து சொன்ன சில விஷயங்களில் ஒன்று. இன்னொன்று, கட்டைக்கு இரண்டு ரீடாக இருக்கிற இரண்டு வரிசைப் பெட்டியானால் முதலில் ஒரு வரிசையை மட்டும் வைத்துப் பாடுகிறவரிடம் காட்ட வேண்டும். அவர் தலையாட்டிய பிறகு அடுத்த வரிசை. இந்த இரண்டும்தான் வேலுச்சாமி ஐயா பெட்டிக்கு வேண்டியிருந்தன.

வேலுச்சாமி ஐயா நாடக ஆர்மோனியக்காரர். சொந்த ஊர் மகாராஜபுரம். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியேறியவர். கோயில் கொடைகளில் விடிய விடிய நடக்கிற நாடகத்தில் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, வாசித்துக்கொண்டே பாடுவார். மைக் இல்லாத காலத்தில் பழகிய குரல். ஐந்தரைக் கட்டை. ஆண் பிள்ளைக்கு அது எவ்வளவு உயரம் என்று பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் மனைவி பேச்சியம்மாள் அக்கா முன்பு அதே நாடகங்களில் ராணி வேடம் கட்டியவர். அவர் நடந்து வந்தால் கடையில் எழுந்து நிற்கத் தோன்றும்.

அண்ணாச்சி இறந்த மறு வருடம், சாரல் காலத்தில், அக்கா ஓர் ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். ஐயாவுக்கு வலது பக்கம் இழுத்துவிட்டதாம். கை கொஞ்சம் வந்துவிட்டது. கால் நடக்கிறது. பேச்சு மட்டும் வரவில்லை. சொல்வது எல்லாம் புரிகிறது, பதில் சொல்ல வாய் எடுத்தால் ஒரே எழுத்தையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார்.

"மதுரையில டாக்டரம்மா ஒருத்தி சொன்னா தம்பி. பேச்சு வராதவங்களுக்குச் சில பேருக்குப் பாட்டு வருமாம். பாட்டுல வார்த்தை வந்தா, அதைப் பிடிச்சு இழுத்துப் பேச்சைக் கொண்டாரலாமாம். தெனமும் பாட வைக்கச் சொன்னா. இவிய பெட்டியப் பாத்தாலே மொகத்தைத் திருப்பிக்கிடுதாவ."

ஐயாவைச் சந்தோஷப்படுத்த நினைத்த தங்கை மகன், அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பெட்டியை வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்துப் புதுசு மாதிரி ஆக்கிக் கொண்டுவந்திருக்கிறான். நல்ல வேலை. துருத்திக்குப் புதுத்தோல். உள்ளும் புறமும் தேய்த்து பாலிஷ். ரீடு எல்லாம் சமக் கோட்டில். சினிமாப் பாட்டு வாசிப்பவருக்கு அதுதான் வேண்டும். அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே மரம் வழவழவென்று இருந்தது. அண்ணாச்சி எழுதிய எண்ணும் இல்லை, மருவும் இல்லை.

"இதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா யக்கா?"

"நான் எதுக்கு அதைப் பாக்கேன்? பாட்டுன்னா அவிய பாடுவாவ, எனக்கு அடி எடுத்து வைக்கத் தெரியும்."

அந்தப் பெட்டி ஐயாவின் சொந்தப் பெட்டி. எத்தனையோ வருடமாக அவர் தொண்டை அதில்தான் போய் உட்கார்ந்து பழகியிருக்கிறது. இப்போது ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் கொஞ்சம் விலகி நின்றால், வாய் திறக்கவே பிடிக்காமல்தான் இருக்கும். இதை அக்காவிடம் விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை. "வீட்டுக்கு வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஜோடிப் பலகையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஜோடிப் பலகை என்பது அண்ணாச்சி செய்து வைத்திருந்த ஒரு சின்னப் பலகை. ஸ எண் ஒன்றில், அதாவது ஒரு கட்டையில். அதற்கு ஒவ்வொரு சுரத்தின் இரண்டு இடங்களுக்கும் இரண்டு ரீடு, பக்கத்துப் பக்கத்தில். வாயால் ஊதலாம். மரு எண்ணைப் பொறுத்தது இல்லை. ஒரு கட்டையில் கேட்டு அறிந்துகொண்டால், எந்தக் கட்டைக்கும் அதை அப்படியே கொண்டுபோகலாம்.

ஐயா கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்கா ஸ்ருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்து அமுக்கினார். நான் பெரிய 'க' சுரத்தை ஊதினேன், முதலில் மரு இல்லாதது, பிறகு மரு உள்ளது. எந்த இடம் சரியோ அப்போது கட்டில் சட்டத்தில் தட்டச் சொன்னேன். இரண்டாவதற்கு அவர் இடது கை தட்டியது. ஊதிக் காட்டினேன், மறுபடியும் தட்டினார். எழுதிக்கொண்டேன். பெரிய ரிக்கு முதலாவதிலேயே தட்டினார். அந்த மனிதரிடம் நான் இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. அவருக்குப் பேச்சு இருந்த காலத்தில் அவர் எதிரில் நான் நின்றதே இல்லை. எனக்கு அது சுலபமாக இருந்தது. இரண்டில் ஒன்று கேட்கிற வேலை. அவருக்கும் வாய் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

சின்ன நி சுரத்தில் வேலை நின்றது. முதலாவதற்குத் தட்டவில்லை. இரண்டாவதற்கும் தட்டவில்லை. தலையை அசைத்தார். திரும்ப ஊதினேன். எரிச்சலோடு தலையை அசைத்தார்.

"தெரியாம சொல்லுதாவளோ?" என்றார் அக்கா.

"இல்ல யக்கா. இவுகளுக்கு ரெண்டு மரு."

பையில் உதிரி ரீடு ஒன்று இருந்தது. அதை வாயில் வைத்து ஊதி, அடியில் லேசாகச் சுரண்டினேன். ஆற வைத்தேன். ஊதினேன். தலையசைப்பு. திரும்பச் சுரண்டி, ஆற வைத்து, ஊதி. ஒவ்வொரு தடவை ஆறுகிறவரையிலும் மூன்று பேரும் சும்மா அந்த ரீடைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நன்றாகக் கீழே இறங்கிய ஓர் இடத்தில் ஐயாவின் கை தட்டியது. தட்டிவிட்டு நிற்கவில்லை. தாளமாகவே போட ஆரம்பித்துவிட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

கிளம்பும்போது, "ஸ எங்க வைக்க யக்கா?" என்று கேட்டேன்.

"இது என்ன கேள்வி? அஞ்சரைதான். அவிய அதுக்குக் கீழ பாடினதா எவன் சொன்னான்?"

கடைக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். ரீடுகள் ஏற்கெனவே ஒரு தடவை அரம் பட்டு மெலிந்திருந்தன. மேல் வரிசையை மட்டும் ஐந்தரைக் கட்டைக்கு, ஐயா தட்டிய மரு எல்லாம் வைத்து முடித்தேன். கீழ் வரிசையைத் தொடவில்லை. அண்ணாச்சி சொன்ன முறைதான்.

பெட்டியை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கீழ் வரிசைக்குக் காற்று விடுகிற குமிழை மூடிவிட்டு, ஐந்தரையில் ஸ பிடித்து, நாடகத்தில் பாடுகிற ஒரு வரியை எடுத்தார். ஐயா கேட்டார். கண் கலங்கியது. வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. இன்னொரு தடவை முயன்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"இன்னும் சரியா வைக்கல நீங்க" என்றார் அக்கா என்னிடம்.

சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சுரமாக அலை பார்த்து வைத்திருந்தேன். குமிழ்களை எல்லாம் திறந்துவிட்டு, துருத்தியில் இருக்கிற காற்றை வெளியேற்றிப் பெட்டியைக் கட்டப் போனேன். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து ஈரக் காற்று வீசிக்கொண்டிருந்த காலம் அது. மரம் ஊதி, ஒரு கட்டை முழுக்க எழும்பாமல் நின்றிருக்கிறது போல. அதன் அடியில் இருக்கிற தோல் சரியாக மூடவில்லை. மிச்சக் காற்று அந்த வழியே போய்ச் சின்னதாக ஒரு சத்தம் வந்தது. இரண்டு கட்டை.

கட்டையைத் தட்டி எழுப்பக் கை நீட்டினேன். கட்டிலில் இருந்து, சுவரைப் பார்த்தபடி, ஒரு குரல் அந்தச் சத்தத்தோடு சேர்ந்துகொண்டது. ம்ம் என்று மட்டும். தடித்த, தாழ்ந்த குரல். அலை இல்லாமல் ஒட்டி நின்றது.

காற்றுத் தீர்ந்தது. குரல் நிற்கவில்லை.

நான் துருத்தியை மெதுவாக அசைத்தேன். சத்தம் வந்தது. ஐயா மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பவும் அதில் வந்து நின்றார். அக்கா காப்பி டம்ளரோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"அது ரெண்டு கட்டை" என்றார்.

"ஆமா யக்கா."

"ரெண்டு கட்டையில அவியளா."

நான் துருத்தியை அசைப்பதை நிறுத்தினேன்.

"ஒரு கொடையில எதுத்தாப்ல பாடினவன் நாலு கட்டைக்கு இறக்கச் சொன்னான். மாட்டேன்னு பெட்டியத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சு வந்தவிய இவிய. ரெண்டு கட்டைன்னு ஊருக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாவ?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். கேட்டது என்னையா, கட்டிலில் இருந்தவரையா என்று தெரியவில்லை.

மரு தப்பில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜோடிப் பலகை ஐந்தரைக்கு வெகு கீழே, ஒரு கட்டையில் இருந்ததால்தான் ஐயா அத்தனை ஆர்வமாகத் தட்டினார். அந்த உயரம் அவருக்கு எட்டியது. ஐந்தரை எட்டவில்லை. எட்டாத இடத்தில் தன் பெட்டி வந்து நின்று கூப்பிட்டால் மனிதர் சுவரைத்தான் பார்ப்பார். ஸ எங்கே என்று நான் கேட்டது சரி. பாடுகிறவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? ஐந்தரையை அழித்துவிட்டு இரண்டு போடுகிறேன் என்று சொல்ல என்னால் முடியாது. நெடுநேரம் பெட்டியின் கயிற்றை முடிந்துகொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தேன். கடைசியில், பெட்டியைப் பார்த்தே சொன்னேன்.

"இதுல ரெண்டு வரிசை இருக்கு யக்கா. மேல் வரிசை அஞ்சரையிலேயே இருக்கட்டும். கீழ் வரிசைய ரெண்டுல வச்சுத் தாரேன். இப்போதைக்குக் கீழ்க் குமிழை மட்டும் தெறந்து வாசிங்க. ரெண்டையும் சேத்துத் தெறந்துராதிய, சண்டை போடும்."

அக்கா டம்ளரைத் தரையில் வைத்தார். "அப்ப அஞ்சரை இருக்கும்?"

"இருக்கும்."

"அவிய வாரப்ப இருக்கும்?"

"அப்படியே இருக்கும். தொட மாட்டேன்."

அக்கா ஐயாவைப் பார்த்தார். பிறகு, "எடுத்துட்டுப் போங்க" என்றார்.

கீழ் வரிசை முடிய நாளானது. ரீடுகள் மெலிந்திருந்ததால் ஒவ்வொன்றையும் ஒரு தடவை சுரண்டுகிற அளவில் பாதி மட்டும் சுரண்டி, ஆறவிட்டு, மறுநாள் ஊதிப் பார்த்துத்தான் மேலே போனேன். ஒன்றும் ஒடியவில்லை. சின்ன நிக்கு இரண்டு மரு வைத்தபோது அண்ணாச்சி இருந்தால் இதை ஊதிப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் வைப்பார் என்று நினைத்தேன். நானே ஊதிப் பார்த்துப் பெட்டியில் வைத்தேன். மூடிக்குள் பாலிஷின் மேலேயே, ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு வரி எழுதினேன். எண் வேறு, மரு ஒன்றே.

அக்கா கீழ்க் குமிழைத் திறந்து வாசித்தார். தானும் இறங்கி, அந்தத் தாழ்ந்த கட்டையில் அதே வரியை எடுத்தார். பெண் குரலுக்கு அது கஷ்டம். தரையில் தவழ்வது மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை ஐயாவின் குரல் வந்து சேர்ந்தது. மூன்றாவது தடவையில் வார்த்தை வந்தது. முழு வார்த்தை. நாடக வரியின் கடைசி வார்த்தை. அவருக்கே ஆச்சரியம், நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் பஸ் ஏறி அந்த வீட்டுக்கு அடிக்கடி போய் வந்தேன். ரீடு இடம் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக என்று சொல்லிக்கொண்டு. பாட்டில் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு நாள் சாயங்காலம் அக்கா பெட்டி வாசித்துக்கொண்டிருக்கும்போது, தனக்கு வைத்த காப்பியில் ஒரு வாய் குடித்த ஐயா, அதே ராகத்தில், அதே தாளத்தில், "காப்பியில... சீனியில்ல..." என்று பாடினார்.

அக்கா வாசிப்பை நிறுத்தவில்லை. முழு ராணி வேடத்தோடு மேடையில் நிற்கிறவர் மாதிரி நிமிர்ந்து, "டாக்டரு... வேணான்னாரு..." என்று பதில் பாடினார்.

"டாக்டரு... குடிப்பாரோ..." என்றார் ஐயா.

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அது நடந்து வருடங்கள் ஆகின்றன. ஐயா இப்போது பேசுகிறார். இழுத்து இழுத்து, கொஞ்சம் ராகம் கலந்த பேச்சு. கடைத்தெருவில் அவரிடம் விலை கேட்கிறவர்கள் முதலில் திகைத்து, பிறகு பழகிக்கொள்கிறார்களாம். மேல் வரிசையை அதற்குப் பிறகு ஒரு தடவையும் திறந்ததில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஆனால் காஸ் துணி வாங்கி அந்தக் குமிழையும் சேர்த்துத்தான் துடைக்கிறார்.

இதைப் பாதி எழுதியிருந்தபோது அக்காவே எனக்குப் போன் செய்தார். பெட்டி கடையில் இருக்கிற விஷயத்தைச் சொன்னார். எலியைத் திட்டினார். பிறகு, "தம்பி, இன்னொரு வேலை. ஒரு மாசமா அவிய ரெண்டுல நிக்க மாட்டேங்காவ. பாட ஆரம்பிச்ச செத்த நேரத்துல மேல ஏறி ஏறிப் போறாவ. நான் வாசிக்கிறதை விட்டுட்டு எங்க போய் நிக்காவன்னு பாத்தேன். ரெண்டரை" என்றார்.

"நல்லாப் பாத்தியளா யக்கா?"

"எனக்குத் தெரியாதா? பக்கத்துக் கறுப்புக் கட்டை."

ஆகவே மெர்சிக்கு. நான் பழைய மாதிரி வந்து அரம் பிடிக்க முடியாது. மேல் ஸ்தாயி எனக்குக் கேட்காது. நீதான் செய்ய வேண்டும். மேல் வரிசையைத் தொடாதே. அது ஐந்தரையிலேயே இருக்கட்டும். கீழ் வரிசையை ரெண்டரைக்கு வை. ரீடு மெலிசு, பாதிப் பாதியாகச் சுரண்டு, ஆறவிட்டு ஊது. ஒடிகிற மாதிரி தெரிந்தால் புது ரீடு போட்டுக்கொள். சின்ன நிக்கு இரண்டு மரு என்பதை மறக்காதே. எல்லாம் முடிந்த பிறகு மூடிக்குள் என் எழுத்தில் இருக்கிற இரண்டாவது வரியில் 2 என்பதை அழிக்க வேண்டாம். பக்கத்தில் ½ மட்டும் சேர்த்துவிடு. மரு அப்படியே இருக்கட்டும்.

மார்கழி முதல் நாள், செவ்வாய்க்கிழமை.